அது அவன் டூட்டி இல்ல

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையிலேயே வெயில். மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் கரித்தூள். காற்று எண்ணூர்ப் பக்கமிருந்து. மறுபடி அலசினேன்.

செய்ய வேண்டியவை: கேஸ் புக் பண்ண. அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து. மார்ச் ஷிஃப்ட் பட்டியல். நீர்மூழ்கி.

கடைசி வார்த்தையை யாராவது பார்த்தால் எனக்குக் கழன்றுவிட்டது என்பார்கள். பார்க்கட்டும்.

தை அமாவாசையில் ஆரம்பித்தது. தெருவே கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருக்க, அப்பா மட்டும் கல்லில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். ஐயர் வந்து, தகப்பனார் பேர் சொல்லுங்கோ என்றார். அப்பா எழுந்து நடந்துவிட்டார். ஆட்டோவில் வரும்போது சொன்னார்: "செத்தானா ஓடினானான்னே தெரியாது. அந்தாளுக்கு எள்ளு ஒரு கேடு."

அப்பாவுக்கு எண்பத்தொரு வயது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் போய்விடுவாரோ என்று அன்றைக்குத்தான் பயம் வந்தது.

பிப்ரவரி 26, புதன்

விடுமுறை. மதியம் முழுக்க போனில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் தெரிந்தது இவ்வளவுதான். அப்பாவின் அப்பா ராயபுரத்துக்காரர். போர்க் காலத்தில் கல்கத்தா போய்ச் சரக்குக் கப்பல் ஒன்றில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். கூடவே சிநேகிதர் காதர். அப்பா அப்போது கைக்குழந்தை. மாலைத்தீவுக்கு மேற்கே ஜெர்மன் நீர்மூழ்கி அந்தக் கப்பலை அடித்தது. காதர் திரும்பி வந்தார். தாத்தா வரவில்லை.

காதர் நேராக எங்கள் வாசலுக்கு வந்து பாட்டியிடம் சொன்னாராம்: "அது அவன் டூட்டி இல்ல அக்கா. படகுல நான் பாக்கல." அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

அடிபட்டபோது கீழே வேலையில் இல்லை என்றால் பிழைத்திருப்பான், பிழைத்தவன் வேறு ஊரில் இறங்கி வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். தெரு போட்ட கணக்கு இது. அப்பா பள்ளிக்கூடத்தில் 'ஓடிப்போனவன் புள்ள'. பாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. அவள் கழுத்தில் தாலி இருக்கும்போது அப்பா எப்படி அமாவாசை கும்பிடுவார்? அவள் போன பிறகு கோபம் மட்டும்தான் மிச்சம்.

கப்பல் பெயர் எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை மாதிரி. இங்கேயும் 'சி.' என்றே எழுதுகிறேன்.

மார்ச் 1, சனி

'சி.' கிடைத்துவிட்டது. மூழ்கின கப்பல்களுக்கென்றே இருக்கும் பக்கங்களில் தேடினேன். கப்பல் எடை, ஏற்றின சரக்கு, அடித்த இடம், கேப்டன் பெயர், அவர் எந்த ஊர், ரேடியோக்காரர் பெயர். கடைசியில் 'மற்றும் இந்தியச் சிப்பந்திகள்'. மற்றும். கோபத்தில் போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு சார்ஜ் போட்டு மறுபடி எடுத்தேன்.

நீர்மூழ்கியின் தலைவன் தினமும் குறிப்பு எழுதியிருக்கிறான். என்னைப் போலவே முதலில் வானிலை. காற்று, அலை, எவ்வளவு தூரம் தெரிகிறது. போன் மொழிபெயர்த்தது: "இரண்டு விலாங்கு விட்டோம். ஒன்று பட்டது." டார்ப்பிடோவுக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயராம்.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "விலாங்கு வழுக்கிகினு பூடுமே. எப்டி பட்டுச்சு?" என்றார். பிறகு டிவியைச் சத்தமாக வைத்தார்.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. சாயங்காலம் சலீம் மாமா தூக்கோடு வந்தார். காதருடைய மகன். எழுபது தாண்டிவிட்டது, தண்டையார்ப்பேட்டையிலிருந்து இன்னும் டிவிஎஸ் ஃபிஃப்டியில்தான் வருகிறார். நோன்புக் கஞ்சி முதல் தூக்கு எங்கள் வீட்டுக்கு. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே.

"நைனா, சூடா கீது, ஆறவுட்டு குடி." அப்பாவை அவர் கூப்பிடுவது நைனா.

"வருசா வருசம் இன்னாத்துக்குடா இவ்ளோ தூரம்?"

"நான் வரலன்னா நீ தேடுவ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பாங்கு சொல்வதற்குள் வீடு போய்ச் சேரணும் என்று மாமா கிளம்பிவிட்டார். புதினா தூக்கலாக இருந்தது. அப்பா இரண்டு டம்ளர்.

மார்ச் 7, வெள்ளி

சரியில்லை.

குறிப்பின் மிச்சத்தையும் படித்தேன். டார்ப்பிடோ பட்டது இயந்திர அறையில். கப்பல் மெதுவாகத்தான் மூழ்கியது. நீர்மூழ்கி மேலே வந்து, படகில் இருந்தவர்களிடம் கப்பல் பேர், சரக்கு எல்லாம் கேட்டுக்கொண்டு போய்விட்டது. மூழ்கின கப்பல்கள் பக்கத்தின்படி, படகில் ஏறினவர்கள் எல்லாரும் பிழைத்து, வேற்று ஊரில் கரை இறங்கினார்கள். இறந்தது அந்த நேரம் கீழே வேலையில் இருந்தவர்கள் மட்டும்.

குறிப்பில் நேரம் பிற்பகல் என்று போட்டிருக்கிறான்.

அதாவது தெருக்காரர்கள் சொன்னதுதான். அவர் டியூட்டி இல்லை என்றால் அவர் மேலே. மேலே இருந்தவர்கள் எல்லாரும் கரையில். கரையில் இருந்தவர் ஏன் வீட்டுக்கு வரவில்லை?

அப்பாவுக்காகத் தேடப்போய் அவரை மறுபடி ஓடிப்போனவன் பிள்ளை ஆக்கிவிட்டேன். "ஜெர்மன்காரன் இன்னா சொல்றான்?" என்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டார். நெட் வரலப்பா என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

திடீர் மழை. காட்டுப்பள்ளி ரோட்டில் டிரெய்லர் வரிசை அசையவில்லை. கன்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போய்ச் சேரும்போது புடவை முழங்கால்வரை சேறு.

சாயங்காலம் ஒரு டயர் வெடித்தது. கன்டெய்னர் தூக்கும் ஸ்டாக்கர் வண்டி, பாரத்தோடு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கன்ட்ரோல் ரூமில் எனக்குக் கேட்டது சத்தம் மட்டும். நான் போட்ட ஷிஃப்ட் பட்டியலைப் பார்த்தேன். அந்த வண்டியில் நசீர். நசீருக்கு போன் போட்டேன். எடுத்துவிட்டான்.

"சொல்லுக்கா."

"நசீரு, அடி கிடி பட்டுச்சா?"

"எனக்கு இன்னாக்கா அடி? நான் பள்ளிவாசல்ல கீறேன். நோன்பு தொறக்க வந்தேன். வண்டில டில்லி கீறான்."

ஓடினேன். டில்லிபாபு இறங்கி ஓரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு கீறல் இல்லை. "இன்னாக்கா பேஜார் ஆயிட்ட?" என்றான்.

ரமலான் வந்தால் இவர்கள் இப்படித்தான். ஆபீஸுக்குச் சொல்வதில்லை. நசீர் நோன்பு திறக்கும் நேரத்துக்கு டில்லி ஏறிக்கொள்வான், பொங்கலுக்கு நசீர் டில்லியின் இடத்தில். எனக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பேன். பட்டியலில் ஒருத்தன், வண்டியில் இன்னொருத்தன்.

மேனேஜர் வந்து, வண்டியில் யார் என்றார். டில்லி பெயர் அன்றைய பட்டியலிலேயே அந்த நேரத்துக்கு இல்லை. டில்லியைக் காட்டிச் சொன்னேன்: "அது அவன் டியூட்டி இல்ல சார்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. என் வாயிலிருந்து காதருடைய வார்த்தை. அப்படியே நின்றேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து மேனேஜர் டீ வாங்கித் தந்தார்.

மார்ச் 12, புதன்

மழை விட்டது. தூக்கமில்லை.

இரண்டு விஷயம் பார்த்தேன்.

ஒன்று: 'சி.' மூழ்கிய நாள். அந்த வருடத்து இஸ்லாமியத் தேதிக்கு மாற்றிப் பார்த்தேன். ரமலான் மாதம்.

இரண்டு: நான் ஒரு மடச்சி. நீர்மூழ்கிக்காரர்கள் உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் கடிகாரம் ஜெர்மனி நேரம்தான். அங்கே பிற்பகல் என்றால் அந்தக் கடலில் சூரியன் இறங்கும் நேரம். குறிப்பிலேயே 'மங்கும் வெளிச்சத்தில் நெருங்கினோம்' என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு மேகம் என்று நினைத்தேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் சலீம் மாமா.

மார்ச் 16, ஞாயிறு

தண்டையார்ப்பேட்டை போனேன். மாமா பேரீச்சம்பழம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: கப்பலில் உங்கள் அத்தா காதருக்கு எந்த நேரம் வேலை?

"சாய்ங்கால டூட்டி. நாலு மணி அசருக்குக் கீழ எறங்குனா எட்டு மணி இஷா வரைக்கும் கரி தள்ளணும். நோன்புல நாக்கு வறண்டு பூடும்னு சொல்வாரு."

"நோன்பு எப்படித் திறப்பாராம்?"

மாமா கட்டுவதை நிறுத்தினார். "ஒரு தோஸ்து எறங்கி நிப்பான், நான் மேல போய் தொறந்துட்டு வருவேன்னு சொல்லிருக்காரு. ஆருன்னு கேட்டா எழுந்து போய்டுவாரு. ஒண்ணு மட்டும் சொல்வாரு. மொத கஞ்சி அவங்க வூட்டுக்கு, அதுக்கப்புறம்தான் நம்ம வாயி நனையணும்னு."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டலத்து நூல் மாமா கையிலேயே இருந்தது. "நைனாக்குத் தெரியுமா?" என்றார்.

இல்லை என்றேன்.

"சொல்லிடு. எங்கத்தா சொல்லாத உட்டுட்டாரு. நீ உட்டுடாத."

மார்ச் 17, திங்கள்

சொல்லிவிட்டேன். காலையில், காபிக்குப் பிறகு. படம் வரைந்து காட்டினேன்: இங்கே பாய்லர், இங்கே ஏணி, இங்கே பட்டது. காதர் நோன்பு திறக்க மேலே, அவர் இடத்தில் தாத்தா கீழே.

நிம்மதிப்படுவார் என்று நினைத்திருந்தேன். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்போ காதருக்குத் தெரியும்."

"தெரியும்பா."

"தெரிஞ்சிகினே எங்கம்மா கைல டூட்டி இல்லன்னான். எம்மாம் வருசம் எங்கம்மா வாசலப் பாத்துகினு ஒக்காந்திருந்தா. அவனுக்குத் தெரியும்."

கைக்குழந்தையோடு நிற்கிறவளிடம், உன் புருஷன் என் இடத்தில் செத்தான் என்று எப்படிச் சொல்வார் என்றேன். பொய்யும் சொல்லவில்லையே என்றேன். "நீ வக்கீலா?" என்றார்.

மார்ச் 22, சனி

அப்பா மூன்று வேளையும் தயிர் சாதம். பேச்சில்லை. கண் மருந்து விடும்போது மட்டும் தலையைத் தூக்குகிறார்.

சாயங்காலம் சலீம் மாமா தூக்கோடு வந்தார். முதல் நாளைத் தவிர வருவது வழக்கமில்லை, மனசு கேட்காமல் வந்திருப்பார். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டார்.

"வாணாம் சலீமு. எட்துகினு போ."

"நைனா..."

"இத்தினி வருசம் எதுக்கு குட்ச்சேன்னு தெரியாத குட்ச்சேன். இப்போ எறங்க மாட்டேங்குது."

மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ஹேண்டில்பாரில் தூக்கு ஆடிக்கொண்டே போனது. நான் உள்ளே வந்து அழுதேன். ஒரு செத்தவரைக் கண்டுபிடித்து இரண்டு உயிரோடிருப்பவர்களைப் பிரித்துவிட்டேன். அந்த நீர்மூழ்கிக்காரனே தேவலை.

மார்ச் 25, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் லாரி வரவில்லை.

அப்பா தானாகவே பேசினார். நியூஸ் பேப்பரைப் பார்த்துக்கொண்டே.

"கீழ சூடா இருந்திருக்குமே."

"ரொம்ப சூடுப்பா."

"அந்தச் சூட்டுல தன் வேலய முட்ச்சிட்டு, திரும்பியும் எறங்கிக்கீறாரு. இன்னொருத்தன் கஞ்சி குடிக்கட்டும்னு."

நான் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச்சை நிறுத்திவிடுவார் என்று தோன்றியது. அரை மணி கழித்து, அமாவாசை என்னைக்கு என்று காலண்டரைக் கிழிக்காமல் தூக்கிப் பார்த்தார்.

மார்ச் 29, சனி

அமாவாசை. லீவு போட்டேன். நசீர் கேலி: "அக்கா, உன் டூட்டிய ஆரு பாக்குறது?"

வாங்கினது: தலைவாழை இலை 2, பூசணிக்காய் கால், வாழைக்காய், எள், கற்பூரம், வெற்றிலை. வடைக்கு உளுந்து ஊறப்போட்டேன். அப்பா ஷேவ் பண்ணிக்கொண்டு, குளித்து, வேட்டி மாற்றி, காலை எட்டு மணிக்கே தயார்.

போட்டோ கிடையாது. தாத்தாவின் பெயரை ஒரு அட்டையில் நான் எழுதினேன். அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, பெரிய எழுத்தில் எழுது என்றார்.

மதியம் சமையல் முடிந்து, படையல் போடலாமா என்றேன்.

"இரு."

"உச்சிப்பொழுதுல போடணும்பா. எல்லாரும் போட்டாச்சு."

"அவரு போனது சாய்ங்காலம். சலீமுக்கு போன் போடு. கஞ்சி எடுத்துகினு வரச் சொல்லு. இங்கயே நோன்பு தொறக்கணும்னு சொல்லு."

தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தலை சுற்றியது, நான் மட்டும் ரகசியமாக ஒரு வடை.

மாமா வந்தார். வாசலில் நின்றார். தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா என்கிற மாதிரி. அப்பா பாயைத் தட்டிக் காட்டினார். இலை போட்டேன். அப்பா கைப்பிடிச் சுவரில் சோறு வைத்து, கா கா என்று கூப்பிட்டார். அந்த நேரத்துக்கு எந்தக் காக்கா? வானம் சிவந்து, எல்லாம் கூட்டுக்குப் போயாச்சு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

அப்பா தூக்கைத் திறந்து டம்ளரில் கஞ்சி ஊற்றினார். இலையில் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். மாமாவிடம் நீட்டினார்.

"நைனா, மொத வாயி உங்க வூட்டுக்குத்தான். அத்தா..."

"நீ குடி. எங்கப்பா அதுக்குத்தான் கீழ நின்னாரு."