அண்ணிக்கு, என் ஒயர் வேலையைப் பற்றி

கேட்காமலே என் தட்டில் இரண்டாவது கரண்டி சோறு வைத்த அண்ணிக்கு,

முரளி எழுதுகிறேன். பழக்கதோஷம், நலமா என்று கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிட்டேன். அடித்தலோடுதான் காகிதம் இருக்கிறது. வேறு எடுக்க வேண்டுமென்றால் எழுந்திருக்க வேண்டும், அதற்கு உடம்பு வணங்கவில்லை.

நீங்கள் போய் இருபத்து மூன்று நாள் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த எதிர்வீட்டு அம்மாள், "கல்லு மாதிரி உட்கார்ந்திருக்குது பாரு இந்தப் புள்ள" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. முப்பத்து நாலு வயசில் புள்ள! வேறு நாளாக இருந்தால் சுருக்கென்று ஏதாவது சொல்லியிருப்பேன். அன்று கோபம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையது இல்லை மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருக்கிறது.

"நீ அங்க என்னதான்டா பண்றே?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள். "ஒயர் வேலை அண்ணி." "எலக்ட்ரீஷியனா?" "அது மாதிரிதான்." அத்தோடு தட்டைக் கழுவ எழுந்துவிடுவேன். விளக்கச் சோம்பல். உங்களுக்கு எங்கே புரியப்போகிறது என்கிற திமிரும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. இப்போது சொல்கிறேன். கேட்கிறீர்களா?

தரமணியில் எங்கள் அலுவலகம் மொத்தமே மூன்று அறை. வீடியோ கேமரா, கம்ப்யூட்டர் இதையெல்லாம் ஒரே ஒயரில் வரிசையாகக் கோத்துப் படம் ஓட வைக்கிற பெட்டிகளைச் சோதிப்பது என் பிழைப்பு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் விரல்நகம் அளவுக்கு ஒரு சிப். அதற்கு மூன்று வாசல். ஒரு வாசலில் நுழைந்த செய்தியை மற்ற இரண்டு வாசல் வழியாகவும் அது வெளியே அனுப்பும். வந்த வாசலிலேயே திருப்பி விடாது. ஒயரில் ஓடி வந்ததில் செய்தி தேய்ந்து, நசுங்கி, குரல் கம்மி வரும். அதை அப்படியே தள்ளிவிடாமல், இது ஒன்றா பூஜ்யமா என்று பிரித்துப் பார்த்து, தன்னுடைய சொந்தக் கடிகாரத்தின் தாளத்துக்குப் புதிதாக, தெளிவாகச் சொல்லி அனுப்பும். கண்ணை மூடித் திறப்பதற்குள் கோடிக்கணக்கில் இப்படிச் சொல்லும். செய்தி யாருக்கு, என்ன அர்த்தம் என்று அது பார்ப்பதே இல்லை. அதெல்லாம் பெட்டிக்குள் இருக்கிற வேறு சிப்பின் கவலை.

பதினாறு முடிந்து வேலைக்குப் போன அன்று இப்படி மூன்று பெட்டி மேஜைமேல் வரிசையாக இருந்தது. எங்களிடம் ஈயம் வைத்து ஒட்டுகிற கஸ்தூரி அக்காவைச் சொல்லியிருக்கிறேன் இல்லையா, ஒல்காட் குப்பத்திலிருந்து வருகிறவர், எனக்குப் பொரித்த மீன் கொடுத்தனுப்பி உங்களிடம் பாராட்டு வாங்கியவர்? அவர் துடைப்பதற்காக நடுப்பெட்டியின் சுவிட்சை அணைத்தார். கடைசியில் இருந்த கம்ப்யூட்டரில் படம் நிற்கவில்லை.

"இன்னா சார் இது, நடுவால கீற பெட்டிய ஆஃப் பண்ட்டேன். அந்தாண்ட படம் ஓடிக்கினே கீது?"

"பெட்டிதான்க்கா தூங்குது. ஒயர்ல செய்தி போற கம்பி நாலு, கரண்ட் போற கம்பி ரெண்டு. பக்கத்துப் பெட்டிகிட்டேர்ந்து அந்த ரெண்டு கம்பி வழியா கரண்ட் வாங்கிக்கிட்டு, சிப்பு மட்டும் முழிச்சிருந்து இந்தப் பக்கம் வர்றதை அந்தப் பக்கம் தள்ளிவிடுது."

"தனக்குன்னு ஒரு வேலையும் இல்லாங்காட்டியும் அடுத்தவங்களுக்கு ஒயச்சிக்கினே கீது. அப்ப அது பொம்பள சிப்பு சார்."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, துடைக்க வசதியாக ஒயர்களையும் பிடுங்கினார். படம் போய்விட்டது.

நடுப்பெட்டி போனால் என்ன ஆகும் தெரியுமா அண்ணி? ஒவ்வொரு வாசலிலும் பக்கத்துச் சிப் ஒரு சின்ன மின்னழுத்தத்தை வைத்துக்கொண்டே இருக்கும், நான் இருக்கிறேன் என்று. அது நின்றதும் மற்றவை எல்லாம் தங்கள் பெயரையும் எண்ணையும் மறந்துவிடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், யார் பெரியவர், யார் சின்னவர் என்று. ஓரத்தில் இருப்பது பக்கத்தில் இருப்பதிடம் "நீ எனக்குப் பெரியவனாக இரு" என்று கேட்கும். அது சரி என்றால் தீர்ந்தது. கடைசியில் ஒன்று எல்லோருக்கும் பெரியதாக மிஞ்சும். யார் எப்போது பேசலாம் என்று அதுதான் முறை வகுக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வீட்டு நிலவரம்.

மயிலாப்பூர் காய்கறிக் கடையில் நீங்கள் மயங்கி விழுந்தீர்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணனும் நானும் தனித்தனி ஆட்டோவில் அடையாறு ஆஸ்பத்திரிக்கு வந்தோம். ஒரே பெஞ்சில் இந்த ஓரம் அவர், அந்த ஓரம் நான். நர்ஸ் வந்து "பேஷண்டோட ஆளு யாரு?" என்றார். இரண்டு பேரும் எழுந்தோம். இரண்டு பேரும் உட்கார்ந்தோம். "யாராச்சும் ஒருத்தர் வாங்க சார்!" என்று அந்தப் பெண் அதட்டினார். மறுபடி இரண்டு பேரும் எழுந்தோம். இரண்டு நாள் இப்படித்தான் நடந்தது. நீங்கள் கண் திறந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

அண்ணனும் நானும் பேசாமல் இருந்த இந்த ஆறு வருஷம் ஆரம்பித்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். தியாகராய நகரில் தன் பேங்கிலேயே எனக்கு இண்டர்வியூவுக்குச் சொல்லிவைத்து, என் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டு, அண்ணன் காலையிலிருந்து மதியம்வரை பேங்க் வாசலில் காத்திருந்தார். நான் தரமணிக்குப் போய் இந்த வேலையில் சேர்ந்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தவர், நான் எதிரே நிற்கும்போதே உங்களிடம், "இனிமே அவன் என்கூடப் பேச வேணாம்னு சொல்லு" என்றார். நீங்கள் என் பக்கம் திரும்பி, "அண்ணன் இப்பக் கோவமா இருக்காரு முரளி, அப்புறம் பேசுவாரு" என்றீர்கள். அவர் சொன்னது என் காதில் விழாத மாதிரி!

அன்றிலிருந்து நான் மொட்டைமாடி அறை, அவர் கீழே, நடுவில் மாடிப்படியில் நீங்கள். தினமும் வந்து, "அண்ணன் கேட்டாரு, சாப்ட்டியான்னு" என்பீர்கள். நிஜமாகக் கேட்டாரா என்று ஒரு நாள்கூட நான் விசாரிக்கவில்லை. இப்போது யாரிடம் விசாரிப்பது?

சொந்தக்காரர்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலை, பூத்துக்குப் போய் இரண்டு பாக்கெட் பால் வாங்கி வந்தேன். சமையலறை மேடையில் ஏற்கெனவே இரண்டு இருந்தது. நாலு பாக்கெட் பால், குடிக்க இரண்டு பேர். மறுநாள் அவர் வாங்குவார் என்று நான் போகவில்லை. நான் வாங்குவேன் என்று அவரும் போகவில்லை. ஆளுக்கொரு தம்ளரில் கடுங்காப்பி, ஆளுக்கொரு மூலையில். மூன்றாம் நாள் மறுபடி நாலு பாக்கெட். மானம் போகிற விஷயம் அண்ணி, வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

பால் போகட்டும். பிரிட்ஜ்மேல் இருக்கிற பிஸ்கட் டப்பாவில் அண்ணனுடைய சர்க்கரை மாத்திரை இருக்குமே, போன வாரம் திறந்து பார்த்தேன். நீங்கள் கடைசியாகப் பிய்த்த அட்டை அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. விடாமல் போட வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னதாக நீங்கள்தான் சொல்லியிருந்தீர்கள். "மாத்திரை போடவும்" என்று துண்டுச் சீட்டு எழுதி டப்பாமேல் வைத்தேன். மறுநாள் சீட்டு நாலாக மடிந்து டப்பாவுக்கு அடியில் இருந்தது. மாத்திரை எண்ணிக்கை மாறவில்லை. நேற்றுச் சாயங்காலம் கிணற்றடியில் துணி உலர்த்தும்போது அவர் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மாடியிலிருந்து பார்த்தேன். "அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்று வாய் திறந்துவிட்டேன். வெட்கக்கேடு.

பயமாக இருந்தது. மற்றதெல்லாம் மரத்துப்போயும் அது மட்டும் தெரிந்தது. இந்த மனுஷனும் போய்விட்டால்?

சிக்கல் ஒன்று இருக்கிறது என்றேனே. நடுப்பெட்டியை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கிற இரண்டையும் ஒரே ஒயரில் நேராக மாட்டினால், இரண்டும் ஒரே நேரத்தில் "நீ பெரியவனாக இரு" என்று கேட்கும். இரண்டும் திகைத்து நிற்கும். விட்டால் நாள் முழுக்க முட்டிக்கொண்டிருக்கும், எங்கள் பால் பாக்கெட் மாதிரி. அதற்கு அந்தச் சிப்புக்குள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டும் பின்வாங்கி, தனக்குள் ஆளுக்கொரு காசு சுண்டும். பூ விழுந்தால் கொஞ்ச நேரம், தலை விழுந்தால் கூடுதல் நேரம் காத்திருந்து மறுபடி கேட்கும். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். முந்தியது கேட்க, பிந்தியது பெரியதாகிவிடும். இரண்டுக்கும் ஒரே மாதிரி விழுந்தால் இன்னொரு தடவை. இதில் மானம், ரோஷம் எதுவும் கிடையாது.

இன்று காலை நானும் ஒரு ரூபாயைச் சுண்டினேன். என்ஜினீயர் செய்கிற வேலையா இது! தலை விழுந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து நூறுவரை எண்ணிவிட்டு இறங்கினேன். அண்ணன் காலிப் பால் பையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தார்.

"பால்..." என்றேன். "பால்..." என்றார் அவரும், அதே நொடியில். இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம். அவர் தரையைப் பார்த்தார். நான் உங்கள் உப்பு ஜாடியைப் பார்த்தேன். பழையபடி மாடிக்கு ஏறிவிடலாமா என்று கால் திரும்பியது. நேற்று அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணுக்கு முன்னால் வந்தது.

"மாத்திரை போட்டீங்களாண்ணா?" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலை எவ்வளவு நரைத்துவிட்டது அண்ணி, நீங்கள் சொல்லவே இல்லையே.

"இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா?" என்றார். "தினமும் ஆபீஸ் போறப்போ கேட்டுட்டுத்தான் போவியாமே. அவ மாத்திரையும் தண்ணியுமா வந்து நிப்பா. 'முரளி கேட்டுட்டுப் போயிருக்கான், போட்டுடுங்க'ன்னுவா. எனக்கு அந்தக் கசப்பு ஆகவே ஆகாது. நீ கேட்டேன்னுதான் வாங்கி முழுங்குவேன். அவ போனதும் அதுவும் நின்னுபோச்சேன்னு நெனச்சேன்டா."

நான் கேட்டதே இல்லை. ஆறு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட. அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

"மறந்துட்டேண்ணா" என்றேன்.

டப்பாவை எடுத்து, அட்டையைப் பிய்த்து, தண்ணீரோடு நீட்டினேன். வாங்கிப் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தார். பிறகு பையை என்னிடம் கொடுத்து, "ரெண்டு பாக்கெட் போதும். நாளைக்குக் காலைல உன்கூட டாக்டர்கிட்ட வரேன்" என்றார். நான் பூத்துக்குப் போனேன்.

உங்களை அந்தச் சிப்போடு ஒப்பிட்டு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அது சரிப்படாது. வந்ததில் ஒரு துளியைக்கூட அந்தச் சிப் மாற்றாது, வராததைச் சொல்லவே சொல்லாது. சொன்னால் பழுது என்று ஓரமாகத் தூக்கி வைத்துவிடுவோம். நீங்கள் இரண்டு பக்கமும் வராததையே சொல்லி ஒரு வீட்டை நடத்தியிருக்கிறீர்கள். நான் சாப்பிட்டேனா என்று அண்ணன் கேட்டதாகச் சொன்னதும் உங்கள் கைவேலைதானா? அவரிடம் கேட்டுவிடலாம், இப்போது பேச்சு இருக்கிறது. கேட்கமாட்டேன்.

பால் காய்ச்சிக் காப்பி போட்டோம். தண்ணியாக இருந்தது. அழுகை இன்னும் வரவில்லை அண்ணி. ஆனால் இருபத்து மூன்று நாளில் முதல் தடவையாகப் பசித்தது. கீழே அவர் அரிசி களைகிற சத்தம் கேட்கிறது. போய் உதவ வேண்டும்.

நாளைக் காலையும் கேட்பேன். அதற்கு மறுநாளும். நீங்கள் சொல்லிவைத்த வார்த்தை பொய்யாகிப் போக விடமாட்டேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
மாத்திரை போட்டாச்சா என்று தினமும் கேட்டுவிட்டு ஆபீஸ் போன
உங்கள் கொழுந்தன்
முரளி