இசோகிரியின் நான்கு படகுகள்

ஷிமிசு,
நவம்பர் 9

அன்பு மகள் கனாயேக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், வின்னிபெக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி மாடிப்படி ஏறினால்தான் வருகிறதாம், அதனால் மாடிக்கே போவதில்லை. கமலா ஆரஞ்சு இந்த வருஷம் சிறுத்துவிட்டது, ஆனால் இனிப்பு. போன கடிதத்தில் நான் செய்துவந்த மாதிரிக் கப்பல் முடிந்ததா என்று கேட்டிருந்தாய். முடிந்துவிட்டது, ஆனால் எப்படி முடிந்தது என்பதை உன்னிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எதிர்வீட்டு ஃபுசாயே அம்மாள் உனக்கு நினைவிருக்கும். அவருடைய அப்பா இசோகிரி என்ற போர்க்கப்பலில் கொதிகலன் அறையில் வேலை செய்தவர். மகளுக்கு மூன்று வயதானபோது கடைசியாகக் கப்பலேறினார், கப்பலும் திரும்பவில்லை அவரும் திரும்பவில்லை. வசந்தத்தில் அந்த அம்மாள் என் அலமாரியில் இருக்கும் மாதிரிக் கப்பல்களைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா கப்பலைச் செஞ்சு குடுங்களேன் வாத்தியாரே" என்றார். நான் வழக்கம்போல எந்தத் தேதியில் இருந்த கப்பல் என்று கேட்டேன். ஒவ்வொரு முறை பழுதுபார்க்கப் போகும்போதும் கப்பல் மாறிவிடும், ஒரு பீரங்கி கூடும், ஒரு ஜன்னல் அடைபடும், அதனால் எங்கள் மாதிரிக் கப்பல் சங்கத்தில் தேதியை முடிவு செய்யாமல் யாரும் பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரு துண்டைக்கூட வெட்ட மாட்டோம். அவர் சிரித்துவிட்டு, "தேதியா? அப்பா கெளம்பிப் போன நாள்தான். வேற எந்த நாளை எனக்குத் தெரியும்?" என்றார். அன்றிருந்தபடியே ஓர் ஆணிகூட மாறாமல் செய்து தருகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். தேதியைக் கேட்டதே தவறு என்று இப்போது தோன்றுகிறது.

ஏழு மாத வேலை. ஓரடிக்குச் சற்று மேல் நீளம். பித்தளைத் தகட்டில் பொறித்த கைப்பிடிக் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி மடித்து நிறுத்தினேன், சட்டத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, மெல்ல இழுத்து, தலைமுடி போல நீட்டிக் கொடிமரத்துக்குக் கம்பி கட்டினேன். ஃபுசாயே அம்மாள் வாரம் ஒருமுறை வந்து பார்த்து, "உங்களை மாதிரியே இதுவும் கரையை விட்டு நகராது போலிருக்கே" என்று கேலி செய்வார். செப்டம்பரில் நான் கேட்டிருந்த துறைமுகப் பதிவின் நகல் வந்தது. புறப்படுவதற்கு முந்தைய நாள், மரம் தீப்பிடிக்கும் என்பதாலும் துப்பாக்கிகளுக்கு இடம் வேண்டும் என்பதாலும், நான்கு படகுகளையும் கரையில் இறக்கிவிட்டார்கள் என்று அதில் இருந்தது. இதில் என்ன என்று நீ கேட்பாய். போர் முடிந்த குளிர்காலத்தில், கப்பலிலிருந்து பிழைத்த ஒருவர் ஃபுசாயே அம்மாளின் வீடு தேடி வந்து, அவருடைய அம்மாவிடம், படகில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது, உங்கள் கணவர் என்னை ஏற்றிவிட்டுத் தான் நின்றுவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கதையைச் சொல்லித்தான் ஃபுசாயேயை அவருடைய அம்மா வளர்த்திருக்கிறார். போன மாதம் ஃபுசாயே அம்மாள் கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "படகெல்லாம் எங்கே?" என்று கேட்டார். இன்னும் ஒட்டவில்லை என்றேன். அது பொய்யில்லை. அன்றிரவு வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன்.

உன் அம்மா, "ஒட்டித் தொலைங்களேன், அவங்க என்ன அருங்காட்சியகமா நடத்துறாங்க?" என்றாள். பெயிண்டைச் சுரண்டி இரண்டு படகுகளை ஒட்டினேன். இந்தப் பசை இரண்டு பக்கத்தையும் உருக்கி ஒன்றாக்கிவிடும், காய்வதற்குள் மனம் கேட்காமல் பிடுங்கினேன், தளத்தில் தழும்பு விழுந்தது, மறுபடி தேய்த்துப் பெயிண்ட் அடித்தேன். மூன்று முறை இப்படி. வாக்குக் கொடுத்ததைச் செய்தால் அவருடைய அப்பாவை இரண்டாம் முறை கொன்றவனாவேன், செய்யாவிட்டால் ஒரு பொய்யை அழகாக வண்ணம் பூசிக் கையில் கொடுத்தவனாவேன். நாற்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவனுக்கு இதற்கு விடை தெரியவில்லை.

நேற்று அவர் கப்பலைக் கொண்டுபோக வந்தார். படகு தொங்கும் வளைகம்பிகள் வெறுமையாக இருப்பதைப் பார்த்து மறுபடி கேட்டார். வாயால் சொல்லத் துணிவில்லாமல் பதிவின் நகலை எடுத்து அந்த வரியில் விரலை வைத்தேன். உண்மையைச் சொன்னேனா அல்லது தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேனா, எனக்கே தெரியவில்லை. அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். "அன்னைக்கு எங்கம்மா அந்த ஆளுக்கு வெள்ளைச் சோறு ஆக்கிப் போட்டாங்க. அந்தக் குளிர்காலம் முழுக்க எங்க வீட்ல பொங்கினது அந்த ஒரு படிதான். ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்" என்றார். பிறகு, "சோத்துக்காகச் சொன்னாரா, அம்மா முகத்தைப் பார்த்துட்டுச் சொன்னாரா, வாத்தியாரே?" என்று கேட்டார். உன் அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவர், "அந்தப் படகுங்களை வச்சிருக்கீங்களா?" என்றார். சின்ன டப்பாவில் இருந்த நான்கையும் காட்டினேன். "ஒண்ணே ஒண்ணு ஒட்டுங்க" என்றார். இடுக்கியைப் பிடித்தேன், அவரும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். படகு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்துவிட்டது. சரிசெய்யட்டுமா என்றேன், வேண்டாம் என்று சொல்லிப் பசை காயும்வரை காத்திருந்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நான் செய்த இசோகிரி இப்போது எந்தத் தேதியிலும் இல்லாத கப்பல். அந்தப் படகை அவர் தனக்காகக் கேட்டாரா, என் முகத்தைப் பார்த்து எனக்காகக் கேட்டாரா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். அம்மாவிடம் கேட்டால், "பேசாம இருங்க" என்கிறாள். உனக்கு ஏதாவது புரிந்தால் எழுது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நன்மையும் கூடி வரட்டும். பனியில் காரை வேகமாக ஓட்டாதே, உன் பல்லைக் காட்டச் சொல்லி மூன்று கடிதமாகிறது, இந்த மாதமே மருத்துவரிடம் போ.

என்றும் உன் நினைவில்,
அப்பா இசாவோ