எங்கேயும் போகாத கம்பி

கோத்தகிரி,
கீழ் லயம்.

அன்புள்ள பாலாமணிக்கு,

இருளப்பண்ணன் சொல்லச் சொல்ல, பேத்தி ரஞ்சனி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் மக்களும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும்.

எனக்கு வருடம் எண்ணில் நிற்காது என்று உனக்குத் தெரியும். ஊட்டிக்கு ஏறுகிற வண்டிக்கெல்லாம் இ-பாஸ் கேட்க ஆரம்பித்தார்களே, அதற்கு அடுத்த வருடம் இது. எங்கள் ரேஷன் கடைக் கதவைக் கரடி பெயர்த்துப் பாமாயில் குடித்துவிட்டுப் போன வருடம். பச்சைத்தேயிலை விலை விழுந்து, லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் திருப்பூருக்கு இறங்கிவிட்ட வருடம். இந்த வருடத்தில்தான் மரியஅந்தோணியின் கிடார் செத்துப் பிழைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ "ஆ? என்னாது?" என்கிறாய். பாதிச் சேதி கடலில் விழுந்துவிடுகிறது.

நம் பாட்டுக் கோஷ்டியில் அவன் வாசித்த அந்தக் கிடாரை நீ மறந்திருக்க மாட்டாய். அப்புத்தளைத் தோட்டத்தைச் சர்க்கார் எடுத்தபோது தொரை மகன் விட்டுப்போன சிவப்பு ஜப்பான் கிடார். எங்களுக்கெல்லாம் இந்தியப் பாஸ்போர்ட்டும் உனக்கு மட்டும் இலங்கைப் பிரஜா உரிமையும் எழுதிவிட்டார்களே, அப்போது தலைமன்னாரில் கப்பலேறும்போது அந்தோணி துணி மூட்டையை எங்கள் தலையில் கட்டிவிட்டு அதை மட்டும் அணைத்துக்கொண்டு நின்றான். கடைசிக் காலத்தில் விரல் மடங்காமல் போனதும், அவனே அதை ரஞ்சனி மடியில் வைத்தான்.

ரஞ்சனி இப்போது மசினகுடியில் ஒரு ரிசார்ட்டில் சனிக்கிழமை தோறும் வாசிக்கிறாள். யானை பார்க்க வருகிறவர்கள் சாப்பிடும்போது கேட்கிற வாசிப்புத்தான். ஆனால் இந்த மலையிலேயே இருந்து பிழைக்க அவளுக்குக் கிடைத்த பிடி அது ஒன்றே. அதுவும் நின்றுபோனால் திருப்பூர் பனியன் கம்பெனிதான் என்று அவளுடைய அப்பன், என் மகன் கருணாகரன், முடிவாகச் சொல்லிவிட்டான். போன மாதம் ஒரு சனிக்கிழமை, வாசித்துக்கொண்டிருக்கும்போதே கிடார் கரகரவென்று இழுத்து ஊமையாகிவிட்டது. அங்கே மேனேஜர் ஷைனா என்று ஒரு பெண். கூடலூர்க்காரி, மலையாளம் கலந்து பேசுவாள், நல்ல மாதிரி, ஆனால் கண்டிப்பு. "ரஞ்சனி, ரெண்டு வாரம் தர்றேன். இனி ஒரு தடவை கூடி இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பார்ப்பேன், கேட்டோ" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

கிடாரின் வயிற்றில், தந்திகளுக்கு அடியில், இரண்டு காந்தக் கட்டை இருக்கும். பிக்கப் என்பார்கள். தந்தி ஆடுவதைக் கரண்டாக மாற்றி அனுப்புவது அவைதான். ரஞ்சனி மீட்டர் வைத்துப் பார்த்தாள். கழுத்துப் பக்கத்துக் கட்டைக்கு எண் காட்டியது. கீழ்ப்பக்கத்துக் கட்டைக்கு மீட்டர் செத்த பாம்பாகக் கிடந்தது. உள்ளே முடியைவிட மெல்லிய கம்பி சுற்றியிருக்குமாம், அது அறுந்துவிட்டது. புதிதாக ஒன்று வரவழைத்தாள். பழையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைக்க வேண்டும்.

இங்கேதான் பக்கத்து வீட்டு எல்லப்பன் உள்ளே நுழைந்தான். மேட்டுப்பாளையத்துக்காரன், தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். லயத்தில் ஒழுகுகிற பால்கேன், கொழுந்துக்கு மருந்தடிக்கிற டப்பா, எல்லாம் அவன் கையில்தான் ஈயம் பூசிக்கொள்ளும். "ஏனுங்கண்ணா, இத்தனூண்டு வேலைக்கு எதுக்குங்க கோயமுத்தூரு? நான் வெச்ச ஈயப் பத்து ஏதாச்சும் விட்டிருக்குதுங்களா?" என்றான். விட்டதே இல்லை, அதுதான் வம்பு. கரி அடுப்பில் காய்ச்சிப் பற்றவைக்கிற பெரிய செம்புக்கோலையும் ஆசிட் பாட்டிலையும் எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டான். ரஞ்சனி, "மாமா, ஆசிட் வேண்டாம்னு வீடியோவுல சொல்றாங்க" என்றாள். "வீடியோக்காரன் என்னைக்காச்சும் பால்கேன் அடைச்சிருக்கானா கண்ணு?" என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டான். போகிற போக்கில், மரத்துக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த ஒரு பழைய கம்பியையும் கட்டிங் பிளேயரால் நறுக்கி எறிந்தான். "இது எங்கியும் போகாத கம்பிங்கண்ணா. மரத்துக்குள்ள போயி சும்மா நிக்குது" என்றான். நானும் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் கிடார் பேசியது. கூடவே வண்டுபோல ஒரு ரீங்காரம், ஆனாலும் பேசியது. எல்லப்பன் லயம் முழுக்க மார்தட்டிக்கொண்டு நடந்தான். பிறகு பனிமூட்டமாக மஞ்சு இறங்கியது. உனக்குத் தெரியுமே, மலை மஞ்சு பெட்டிக்குள் இருக்கிற சேலையைக்கூட நனைக்காமல் விடாது. மூன்று நாள் வெயிலே இல்லை. வெயில் வந்த அன்று கிடார் மறுபடி ஊமை. திறந்து பார்த்தால், ஆசிட் தின்று, பற்றவைத்த இடமெல்லாம் பச்சைப் பூசணம் பூத்துக் கிடக்கிறது. பால்கேனைக் கழுவிவிடலாம், கிடார் வயிற்றைக் கழுவ முடியுமா? ரஞ்சனி எழுந்து போய்த் துணி துவைத்தாள். அவள் கோபம் எப்போதும் கல்லின்மேல்தான் விழும். கருணாகரன் திருப்பூரில் யாருக்கோ போன் போட்டு ஹாஸ்டல் விசாரித்தான், நானும் அவளும் கேட்க வேண்டும் என்றே சத்தமாக.

மறுநாள் அவள் குன்னூர் போய்ப் பேனா கனத்தில் பற்றவைக்கிற ஒரு கரண்ட் கோலும், உள்ளே பிசின் வைத்த மெல்லிய ஈயக் கம்பியும் வாங்கி வந்தாள். பச்சை பிடித்த கம்பி நுனிகளையெல்லாம் வெட்டி, சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்தாள். சாயங்காலம் பற்றவைக்க உட்கார்ந்தாள். ஈயம் உருகுவதுபோல் உருகி, சாம்பல் நிறத்தில் கட்டிக்கட்டியாக நின்றது; இழுத்தால் கையோடு வந்தது. இரண்டு தடவை செய்தாள், இரண்டு தடவையும் அதே கதி. அப்போது நான் வீட்டு பல்பைப் பார்த்தேன். மஞ்சளாக, தூக்கம் பிடித்ததுபோல எரிகிறது. லயத்தில் எல்லோரும் வேலை விட்டு வந்து ஹீட்டரும் குக்கரும் போடுகிற நேரம். கரண்டுக்கு மூச்சு இல்லை, கோலுக்கும் சூடு இல்லை. "விடு ஆத்தா, நாளைக்குக் கொழுந்து பறிக்க ஆள் போனப்புறம் பாப்போம்" என்றேன்.

மறுநாள் லயம் காலியான நேரத்தில் பல்பு பளீரென்று எரிந்தது. அவள் முதலில் கம்பியைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயத்தைத் தொட்டாள். தண்ணீர்போல ஓடிப்போய்ப் படிந்தது. ஆறினதும் கண்ணாடி மாதிரி மின்னியது. இழுத்தாள், அசையவில்லை. கிடார் பேசியது.

ஆனால் அந்த வண்டு போகவில்லை, பாலாமணி. வாசிக்காமல் நின்றாலே இரைகிறது. ரிசார்ட்டில் இதைக் கேட்டால் ஷைனா எழுந்தே போய்விடுவாள். ரஞ்சனி தந்தியைத் தொட்டாள், இரைச்சல் அப்படியே. ஒயர் சொருகுகிற இரும்பைத் தொட்டாள், சட்டென்று அமைதி. கையை எடுத்தாள், மறுபடி வண்டு. "தாத்தா, தந்திக்கும் இதுக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு அறுந்திருக்கு. தந்தியைத் தொட்டாலே அடங்கணும்" என்றாள். தந்திக்கும் அந்த இரும்புக்கும் மீட்டரை வைத்தாள். இணைப்பு இருந்தால் அது கீயென்று கத்துமாம். கத்தவில்லை.

எனக்கு அந்த நறுக்கின கம்பி கண்ணில் நின்றது. மரத்துக்குள் சும்மா நிற்கவில்லை அது. உள்ளே போய், தந்திகளைத் தாங்குகிற இரும்புக்கு அடியில் படுத்துக்கொண்டு, இரைச்சலையெல்லாம் வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிற கம்பி. எல்லப்பனைக் கூப்பிட்டேன். "எங்கியும் போகாத கம்பி எங்க போயிருந்துச்சுன்னு பாத்தியா?" என்று கேட்டேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனால் மனுஷன் ரோஷக்காரன். வேறு கம்பி விடலாம் என்றால் அந்தத் துளையை ஐம்பது வருடத்துத் தூசி அடைத்திருந்தது. சைக்கிள் சக்கரத்துக் கம்பி ஒன்றை எடுத்துவந்து, நுனியைத் தட்டி, பல்குத்துகிற பக்குவத்தில் துளையைக் குடைந்து திறந்துவிட்டான். ரஞ்சனி புதுக் கம்பியை நுழைத்துப் பற்றவைத்தாள். மீட்டர் கீயென்று கத்தியது. தந்தியில் கை வைத்தாள். வண்டு செத்தது.

முடிந்தது என்று நினைத்தோம். கழுத்துக் கட்டையைத் தனியாகப் போட்டால் தேன். கீழ்க் கட்டையைத் தனியாகப் போட்டால் கணீர். ஸ்விட்சை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்தால் சோடா மூடியைக் கல்லில் தேய்க்கிற சத்தம். மசினகுடியில் வாசிக்கிறது முழுக்க இரண்டும் சேர்ந்த சத்தம்தான். எல்லப்பன், "நான் தொடவேயில்லீங்க இந்த வாட்டி" என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டான். ரஞ்சனி ஸ்விட்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "தாத்தா, ரெண்டு பேரு ஒரு மூட்டையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற மாதிரி. பழசு இழுக்கிற திசை வேற, புதுசு இழுக்கிற திசை வேற. ரெண்டுல ஒண்ணைத் திருப்பணும்" என்றாள். புதுக் கட்டையின் இரண்டு கம்பிகளையும் கழற்றி, இதை அங்கேயும் அதை இங்கேயும் மாற்றிப் பற்றவைத்தாள்.

அப்புறம் வந்த சத்தத்தை எப்படிச் சொல்ல? தோட்டத்துத் திருவிழாவில், மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டதும் ஊர் மொத்தமும் ஒரே மூச்சில் "ஓ" என்று கத்துமே, அந்த மாதிரி. அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது. ஓடு தட்டி எகிறியது. மத்தியான ஷிஃப்ட் முடிந்து ஏறி வந்த பெண்கள் கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்றுவிட்டார்கள். எல்லப்பன் ஆடியே விட்டான், அந்த வயதில், முழங்கால் வலியோடு.

சனிக்கிழமை நானும் எல்லப்பனும் மசினகுடிக்குக் கூடவே போனோம். ஷைனா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பாட்டில் கையை அவிழ்த்தாள். இரண்டாவதில் கால் தாளம் போட்டாள். கடைசியில் ரஞ்சனி நம் இலங்கை பைலா ஆட்ட மெட்டை எடுத்தாள். செல்லையா ஆர்மோனியத்தில் கட்டி, அந்தோணி வாசித்து, நீ பாடினாயே, அந்த மெட்டு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஆடினார்கள், ஒரு வெள்ளைக்காரக் கிழவன்கூட. ஷைனா மேடைக்கே வந்து, "எல்லா சனியாழ்ச்சையும் நீதான். வருஷம் முழுக்க" என்று சொன்னாள். எல்லப்பன் பக்கத்து மேசைக்காரரிடம், "வயரிங்கெல்லாம் நம்மளுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் மறுக்கவில்லை. கருணாகரனும் இப்போது ஹாஸ்டல் பேச்சை எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமையே கிடார் பெட்டியைத் துடைத்து வைக்கிறான், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

இதை எழுதுகிறவள் அவளே என்பதால் அவளைப் புகழ்கிற இடமெல்லாம் பேனா நின்று நின்று போகிறது. "போதும் தாத்தா" என்கிறாள். எழுது என்று அதட்டியிருக்கிறேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? குளிரில் வெறுந்தரையில் உட்காராதே. பேரனை மருந்தை ஒழுங்காக வாங்கித் தரச் சொல். நீ நூறு வயது இருக்க வேண்டும். என் ஆயுசில் மிச்சம் இருப்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்.

ஒரு காரியம் உன்னிடம் கேட்கவேண்டியிருக்கிறது. ஷைனா போகும்போது, "அந்தக் கடைசிப் பாட்டுக்கு வார்த்தை இல்லையா? அடுத்த தடவை பாடிக் கேக்கணும்" என்று ரஞ்சனியிடம் சொல்லிவிட்டாள். எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது பாலாமணி, அந்த மேடையில் நீ கட்டியிருந்த சேலையின் கரைகூட. ஆனால் நான் பாங்கோ மேளம் அடித்தவன். என் அடியிலேயே என் காது அடைத்துப் போயிருக்கும். முதல் வரிக்கு மேல் ஒரு வார்த்தை என் காதில் விழுந்ததில்லை. எழுதின செல்லையா குன்னூர் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தான். ஒவ்வொரு வரியையும் உன் முகத்தைப் பார்த்தே வாசித்த அந்தோணியும் போய்விட்டான். அந்தப் பாட்டு முழுசாக வாயில் இருக்கிற ஆள், கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சேர்த்து, உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான், பாலாமணி.

இப்படிக்கு,
இருளப்பண்ணன்