நாற்காலிக்கு வெள்ளை அடித்த வாரம்

ஆவணி 3, செவ்வாய்

மழை. விடியலிலிருந்து விடவில்லை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேசினால் கேட்காது. அதுவும் நல்லதுதான்.

நேற்று மருமகள் செல்வியின் அண்ணன் முருகேசன் போடியிலிருந்து வந்து போனான். இனி மு. என்று எழுதினால் போதும், முழுப்பேர் எழுத மனசில்லை. காப்பி குடித்தான். முறுக்குத் தின்றான். சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தே தங்கச்சியிடம் சொன்னான்:

"மச்சான் செத்துப்போயி வருசமாகப் போகுது. இன்னும் இந்த மாட்டுக்கொட்டத்துல எதுக்குக் கெடக்க?"

மாட்டுக்கொட்டம். வருஷா வருஷம் என் கையால் சுண்ணாம்பு அடித்த வீடு. என் மகன் குமார் பிறந்த வீடு.

ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருவானாம், போடிக்கு வருகிறாளா இல்லையா என்று முடிவு தெரியணுமாம். செல்வி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின தட்டையே திரும்பக் கழுவினாள்.

அவள் போனால் பேத்தி பாப்பாவும் போகும். இந்த லயத்து வீடும் போகும். ஏலத்தோட்டத்து லயம் வேலை பார்க்கிறவளுக்கு, வேலை முடிந்த கிழவிக்கு இல்லை. ஆனாலும் இரு என்று நான் கேட்க மாட்டேன். இதுவரை யாரிடமும் கையேந்தினதில்லை, மருமகளிடமா ஏந்துவேன்.

முட்டு வலி. உப்பு தீர்ந்துவிட்டது.

ஆவணி 5, வியாழன்

மழை இல்லை, மூடுபனி. எதிர் லயம் தெரியவில்லை.

பாப்பா போனில் ஒரு படம் காட்டினாள். எவளோ ஒரு பெண். உடைந்த நாற்காலியை எடுத்து டப்பாவைக் குலுக்கி உஸ்ஸென்று அடிக்கிறாள், புதுசாகிவிடுகிறது. கூடையைக் கவிழ்த்து விளக்கு. தகர டின்னில் பூச்செடி. வீடே வேறு வீடு. "அப்பத்தா, நம்மளும் செய்வமா" என்றது. எனக்கு மாட்டுக்கொட்டம் ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் பஜாருக்கு. ஆக்கிரிக் கடையில், காயலான் கடைதான், பழைய இரும்போடு ஏதோ ரிசார்ட்டில் கழித்த சாமான் குவிந்து கிடந்தது. எடுத்தது:

பிரம்பு நாற்காலி, ஒரு காலில் கம்பி சுற்றினது
வட்டக் கண்ணாடி, விளிம்பு துரு
பித்தளை மாதிரி ஒரு பூச்சாடி, பித்தளை இல்லை
எண்ணெய் டின், சும்மா கொடுத்தான்

பெயிண்ட் கடையில் ஸ்பிரே டப்பா. வெள்ளை, தங்கம். மலையாளத்துக் கடைக்காரன் பைக்குக்கா அம்மச்சி என்றான். வீட்டுக்கு என்றதும் சிரித்தான். இந்தப் பனியில் அடித்தால் உணங்காது, காயாது, வெயில் வரட்டும் என்றான். வெயில் எப்போது வரும் என்று நீயே சொல்லு, இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். கொடுத்துவிட்டான்.

உப்பு வாங்க மறந்துபோச்சு.

ஆவணி 6, வெள்ளி

செல்வி ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு வேலைக்குப் போனதும் பின்பக்கம் சாக்கை விரித்து ஆரம்பித்தேன். டப்பாவுக்குள் குண்டு உருளுகிறது. கை வலிக்கிற வரைக்கும் குலுக்க வேண்டும். நாற்காலிக்கு வெள்ளை. கண்ணாடி விளிம்புக்குத் தங்கம். பழைய காய்க்கூடைக்கு வெள்ளை, உள்ளே மட்டும் தங்கம். இது என் யோசனை, போன்காரி சொன்னது இல்லை.

குமார் போட்டோ சட்டத்துக்கும் தங்கம் அடித்தேன். கண்ணாடியில் பேப்பர் ஒட்ட மறந்துவிட்டேன். அவன் நெற்றியெல்லாம் பொடிப்பொடியாகத் தங்கம். நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். காதோரம் கொஞ்சம் போகவில்லை.

சாயங்காலம் பார்த்தால் வெள்ளை சாம்பல் பூத்திருக்கிறது. தொட்டால் பிசின். பாப்பா உட்கார்ந்து பாவாடை ஒட்டிக்கொண்டது. கடைக்காரன் சொன்னது சரி. எல்லாவற்றையும் விறகுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். நாளைக்குள் காயாவிட்டால் மு. வந்து பார்த்துச் சிரிப்பான்.

ஆவணி 7, சனி

பாப்பாவுக்குப் பல்வலி. செல்வி நெடுங்கண்டத்துக்குக் கூட்டிப்போனாள். ஸ்டோரில் பச்சை ஏலக்காய் தட்டுத் தட்டாக ஏற்றி, சூடு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டோர் சாவி வீட்டு ஆணியில். சூடு குறைந்தால் சூப்பர்வைசர் ஜோயி சேட்டனைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சாவி குமார் போன பிறகு முதலாளி இவளை நம்பிக் கொடுத்தது. வயசெல்லாம் காய் எடுத்த என் கைக்கு வராத சாவி. இவள் இடுப்பில் அது தொங்குவதில் எனக்கும் பெருமைதான், சொன்னதில்லை.

ஸ்டோரில் கதகதவென்று இருக்குமே. நாற்காலி, கண்ணாடி, கூடை, போட்டோச் சட்டம், எல்லாவற்றையும் கொண்டுபோய், சாவி போட்டுத் திறந்து மூலையில் வைத்தேன்.

தலைக்கு எண்ணெய் வைத்து உள்ளே வந்தாலே அந்தக் காலத்துக் கங்காணி திட்டுவான். காய்க்கு மூக்கு இருக்கு, எந்த வாடையையும் இழுத்துக்கும் என்பான். எனக்குத் தெரியாதா. ஆனால் விறகு எரித்த நாளில் வாடை எல்லாம் கூரை வழியாகப் போய்விடும். இப்போதும் போகும் என்று நினைத்தேன்.

மதியத்துக்குள் எல்லாம் மொறமொறவென்று காய்ந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. கூடையைக் கவிழ்த்து பல்பில் மாட்டினேன். சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். ஜன்னலுக்கு என் நீலச் சேலை. கண்ணாடிக்குக் கீழே டின்னில் மணிபிளான்ட்.

செல்வி வந்தவள் நனைந்த குடையோடு வாசலிலேயே நின்றாள். குடையை மடக்கத் தோன்றவில்லை. பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"யாரு வீடு அத்த இது?"

சிரித்தாள். குமார் போனதற்குப் பிறகு அந்தப் பல்லை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆவணி 8, ஞாயிறு

மு. வந்தான். வெள்ளை நாற்காலியில் அவனையே உட்கார வைத்தேன். குறை சொல்ல இடம் தேடினான். கூரையைப் பார்த்தான், அங்கே கூடை விளக்கு.

செல்வியே சொன்னாள், பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும், பங்குனி வரை இங்கேதான் என்று. அவன் என்னைப் பார்த்தான். நான் இன்னும் ஒரு வடை வைத்தேன்.

பங்குனிக்குள் இன்னும் என்னென்ன செய்யலாம். ரேக்குக்கு வெள்ளை. டிரங்குப் பெட்டிக்கு ஏதாவது ஒரு கலர்.

ஆவணி 9, திங்கள்

ஸ்டோரைத் திறந்து தட்டை இறக்கினார்களாம். ஜோயி சேட்டன் ஒரு கை அள்ளி மூக்கில் வைத்தவர், ஒன்றைக் கடித்துத் துப்பினாராம். பெயிண்ட். ஒரு தட்டு இல்லை, மொத்த அறைக் காயிலும் அதே வாடை. குழாயடியில் பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது இருக்கிற மெஷினில் சூடு வெளியே போகாதாம், அதே காற்றுதான் உள்ளேயே சுற்றிச் சுற்றி வருமாம்.

மத்தியானம் செல்வி வந்தாள். குனிந்து நாற்காலியை முகர்ந்தாள். பச்சைக் காயை முகர்கிற மாதிரியே, கண்ணை மூடிக்கொண்டு. அப்படியே திரும்பிப் போனாள். நான் கரண்டியும் கையுமாக நின்றேன்.

சாயங்காலம் வந்தாள், இடுப்பில் சாவி இல்லை. தான்தான் ஏதோ பெயிண்ட் சாமானை உள்ளே வைத்துவிட்டதாக முதலாளியிடம் சொல்லியிருக்கிறாள்.

யாரும் சாப்பிடவில்லை. பாப்பா மட்டும்.

ஆவணி 10, செவ்வாய்

தூறல். விளக்கைப் போடவில்லை.

நல்ல சேலை கட்டிக்கொண்டு பங்களாவுக்கு ஏறினேன். முதலாளி உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. வைத்தது நான், அவள் இல்லை என்றேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கத்தவில்லை. "சாவி ஆர்கிட்ட இருந்துச்சு அம்மச்சி?" என்று மட்டும் கேட்டார். செல்விக்கு இனித் தோட்டத்தில் எந்த வேலையும் இல்லை. மாசக் கடைசி வரை லயத்தில் இருந்துகொள்ளலாமாம்.

வந்து செல்வியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குப் போன் போட்டாச்சு என்றாள். பிறகு மடிப்பதை நிறுத்திவிட்டு:

"இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பேன்த்த. நாக்காலிக்குப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கீக."

ஆவணி 11, புதன்

வெயில். இன்றைக்குப் பார்த்து வெயில்.

காலையிலேயே ஜீப் வந்துவிட்டது. கட்டினது: துணி மூட்டை, பாப்பா புஸ்தகப் பை, குக்கர், குமார் போட்டோ. அவன் காதோரம் தங்கம் இன்னும் இருக்கிறது.

நீங்களும் வாங்கத்த என்று செல்வி கூப்பிட்டாள். மு. டயரைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு பார்க்கலாம் என்றேன்.

நாற்காலி இல்லாமல் வர மாட்டேன் என்று பாப்பா அழுதது. மு. முணுமுணுத்துக்கொண்டே ஜீப் மேல் ஏற்றினான். செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இப்போது எந்த வீட்டில் இருக்கச் சொல்வேன்.

கயிறு போதுமா என்று கேட்டேன்.

போதும்த்த என்றாள்.