குளத்தில் தொலைந்த வலை

மகன்ட உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ கொடுத்தனுப்பிய மாசிச் சம்பல் கிடைத்தது. இங்கினியாகலைக் குளத்து மீனில் சேற்று மணம் என்று நீ முகம் சுளிப்பாய், எனக்குப் பழகிவிட்டது. அலைச்சத்தம் இல்லாததால் நித்திரையும் வருகிறது.

அணை கட்டிக் குளம் நிறைந்தபோது மூழ்கிய காட்டு மரங்கள் அடியில் இன்னும் நிற்கின்றன. முந்தாநாள் என் வலையைக் காணவில்லை. கடலென்றால் போனது போனதுதான். தலையில் கை வைத்துத் தோணியில் இருந்துவிட்டேன். கூட வந்த கச்சிமுகம்மது காக்கா சிரித்தார்.

“இது கடலில்ல தம்பி. எங்கயாவது மரத்துல கொளுவித்தான் கிடக்கும். முழுகிப் பாருங்க.”

முழுகினேன். கிடந்தது.

நேற்று உன் கூடப்பிறந்த நானா வந்தார். நீ இப்போதும் பின்னேரம் அசர் தொழுததும் கடற்கரையில் போய் நிற்கிறாயாம். உனக்குப் புத்தி சொல்லி எழுதச் சொன்னார். ஓம், எழுதுகிறேன் என்றுதான் சொன்னேன்.

எப்படி எழுதுவேன்? நம் மகனைக் கொண்டுபோய்த் திருப்பித் தராதது கடல், இது குளம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், தண்ணீருக்குள் கண்ணைத் திறந்ததும் நான் முதலில் தேடியது வலையை இல்லை.

நீ போய் நில். பொழுதுபட்டு மஃரிபாகுமுன் வீட்டுக்கு வந்துவிடு.

இப்படிக்கு,
அவன்ட வாப்பா