டயர் ஓரத்தில் நான் எழுதிய விளம்பரம்

என் நேர்கோட்டு ராணிக்கு,

இந்தப் பட்டத்தை உனக்குக் கொடுத்தது நான்தான், அக்கா. திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். யாரிடம் வாங்குவது?

உன்னோடு ஞாயிற்றுக்கிழமைகளில் பைக் ஓட்டிய அக்காக்கள், உன் முதல் நினைவுநாளுக்கு என்னை ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மாமல்லபுரத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு யாராவது ஒருத்தர் சத்தமாகப் படிப்பார்களாம். "ஜாலியா எழுது ஜெனி. எங்கள அழுவ வுடாத. ஸ்டெல்லாவுக்கு அது புடிக்காது" என்றார் மீனா அக்கா. நானும் ஜாலியாகத்தான் ஆரம்பித்தேன். நாலு தாள் கிழித்தாகிவிட்டது. இது அஞ்சாவது.

முதலில் வீட்டுச் செய்தி. நான் பிளஸ் டூ வந்துவிட்டேன். உன் கட்டிலில் இப்போது என் துணிதான் படுத்திருக்கிறது. கோபமாக இருந்தால் வந்து சண்டை போடு. நைனா டவுன்ஷிப்பில் அதே எலெக்ட்ரீசியன் வேலைக்குத்தான் போகிறார், ஆனால் நம் வீட்டில் ஃபியூஸ் போனால் எழுந்திருப்பதில்லை. அம்மா பிஸ்கட்டுக்குச் சோறு வைப்பதை நிறுத்திவிட்டாள்.

பிஸ்கட் யார் என்று கேட்கிறவர்களுக்கு: எங்கள் தெருவில் திரிகிற செம்பட்டை நாய். பேர் வைத்தது நீ. காலையில் நீ கிளம்பும்போது கேட்டுக்கு வந்து வாலாட்டி வழியனுப்பும். இன்றைக்கும் ஏழு மணி ஆனால் வந்து உட்கார்கிறது. அம்மா வாளித் தண்ணீரை வீசி விரட்டுகிறாள். நனைந்தபடி எதிர்வீட்டு நிழலுக்குப் போய், அங்கிருந்து நம் கேட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

அது என்ன செய்தது? ஒன்றும் இல்லை. திருக்கழுக்குன்றம் தாண்டி நீ விழுந்த அந்த வளைவில், கொஞ்சம் தள்ளி நின்ற பால்காரர் ஒருவர், "நாயி எதுனா குறுக்க வந்துதோ இன்னாவோ" என்றார். அந்தப் பேச்சு செங்கல்பட்டு வந்து சேர்வதற்குள் 'இன்னாவோ' எங்கேயோ உதிர்ந்துவிட்டது. நாய் குறுக்கே வந்தது என்பது மட்டும் வீட்டுக்குள் வந்தது. ஒரு வருஷமாக எங்கள் வீடு அந்த நாயின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது. எந்த நாயைப் பார்த்தாலும் அம்மாவுக்கு அதே நாய்தான்.

நானும் அதில்தான் சாய்ந்துகொண்டிருந்தேன், அக்கா. போன மாசம் வரைக்கும்.

உன் வண்டியை விற்பது என்று நைனா முடிவு செய்தார். நாவலூரில் வேலை செய்கிற ஒருவர் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த வண்டிக்குப் பதினாறு வயசு, என்னைவிட ஒரு வயசுதான் சின்னது. நீ அதற்கு மூன்றாவது சொந்தக்காரி. "தூரம் போறதுக்கும் ஆவும், வளைவுல சாயறதுக்கும் ஆவும், ரெண்டுத்துக்கும் சேத்து செஞ்ச வண்டிடி இது" என்று நீ பீற்றிக்கொள்வாய். அதன் பக்கப் பெட்டியில் அம்மா ஒருநாள் கருவாடு வைத்து அனுப்பியதும், உன் ஆபீஸ் லிஃப்டில் எல்லோரும் உன்னை விட்டுத் தள்ளி நின்றதும் இந்தக் கடிதத்தின் முதல் தாளில் இருந்தது. கிழித்துவிட்டேன்.

தூரத்துக்கும் வளைவுக்கும் செய்த வண்டியை நீ தினமும் திருப்போரூர் வழியாக நாவலூருக்கு ஓட்டினாய். ஓ.எம்.ஆரில் வளைவு ஏது? நேராக, நேராக, நேராக. அதனால் பழைய பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிட்டது. "திருப்பினா திரும்பமாட்டேன்னு மொரண்டு புடிக்குது, அப்புறம் திடீர்னு ஒரேயடியா சாயுது. ஷேர் ஆட்டோக்காரன் மாதிரி பண்ணுதுடி" என்று சொன்னாய். டயர் மாற்றப் போனோம், நீயும் நானும்.

கடையில் உன் வண்டியின் அளவு இல்லை. பழைய வண்டி, யாரும் அந்த அளவை வாங்கி வைப்பதில்லை, பத்து நாள் ஆகும் என்றார்கள். அடுத்த பெரிய அளவு இருந்தது. நீ யோசித்தாய்.

"பத்து நாளு பஸ்ல போய்க்கிறேன்டி. சரியான சைஸே வரட்டும்."

"பஸ்ஸுல போற பைக்குக்காரி. ஹெல்மெட்ட மடில வெச்சிகினு டிக்கெட் வாங்குவியா?"

"சும்மா இரு சனியனே."

"குண்டா இருந்தாதான் கெத்து. பின்னாடியிலர்ந்து பாத்தா சும்மா அப்டி இருக்கும். எனக்காகப் போடேன்."

நீ சிரித்தாய். போட்டுவிட்டாய். எனக்காக.

அதற்கப்புறம் வண்டி வேறு மாதிரி ஆகிவிட்டது என்று நீ எத்தனையோ தடவை சொன்னாய். வளைவில் எருமையைக் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இருக்கிறது, கை வலிக்கிறது என்று. "உனக்கு டயர் மாத்தியும் டயர்டா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நானே சிரித்தேன். உனக்குப் பயம், அதை வண்டி மேல் போடுகிறாய் என்று நினைத்தேன். டயரின் இரண்டு ஓரத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பர் புதுசாகவே பளபளத்தது. அது ரோட்டில் படவே இல்லை என்றால் நீ சாய்க்கவே இல்லை என்று அர்த்தம். யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்ட ஞானம். அன்றைக்குத்தான் உனக்கு நேர்கோட்டு ராணி என்று பட்டம் சூட்டினேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நீ துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்கூல் சார்ட்டுக்கு வாங்கிய வெள்ளை பெயிண்ட் பேனாவை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பிளாட் விளம்பரம்தானே? உன் டயரின் இரண்டு ஓரத்திலும் சுற்றி எழுதினேன்: மனைகள் விற்பனைக்கு. யாரும் கால் வைக்காத இடம். உடனே குடியேறலாம்.

நீ பார்த்துவிட்டு ஈரக் கையால் என் முதுகில் ஒன்று வைத்தாய். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். பிறகு சொன்னாய்:

"நாளைக்கு மாமல்லபுரம் போய்ட்டு வரசொல்ல பாரு. உன் மனைல ஒரு எழுத்துகூட இருக்காது."

மறுநாள் குரூப் ரைடு இல்லை. நீ ஏன் தனியாகப் போனாய் என்று இந்த ஒரு வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. டீ குடிக்கப் போனாள் என்று நைனா எல்லோரிடமும் சொல்கிறார். சர்ச்சுக்கு வந்துவிட்டுப் போ என்று தான் அழுத்திச் சொல்லியிருக்கணும் என்று அவர் தன்னையே திட்டிக்கொள்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.

கடற்கரையிலிருந்து எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாய். பின் டயர், இடது ஓரம், என் எழுத்து. கீழே நீ எழுதியது: "உன் மனை அப்டியேதான் கீது சனியனே."

நான் பதில் போட்டேன்: "புக்கிங் நடந்துகினு கீது. சீக்கிரம் வா."

இரண்டு நீல டிக். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வரைக்கும்கூட நீ தாங்கவில்லை.

போன மாசம் வண்டியை சேகர் அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். நைனா அதைப் பார்க்க மாட்டேன் என்று வாசலோடு திரும்பிவிட்டார். நான் உள்ளே போனேன். அண்ணன் பின் சக்கரத்தைக் கையால் உருட்டினார்.

"இன்னாம்மா இது, ஓரத்துல எழுத்தா கீது?"

"தெர்லண்ணா."

அவர் டயரைப் பார்த்தார், ரிம்மைப் பார்த்தார், திரும்பவும் டயரைப் பார்த்தார்.

"இது இந்த ரிம்முக்கான டயரே இல்ல. அகல டயர ஒல்லி ரிம்முல மாட்டிக்கிறாங்க. மாட்டினா இன்னா ஆவும்? ரெண்டு பக்கமும் இழுத்துப் புடிச்சி நடு தூக்கிக்கும், ஓரம் உள்ள மடங்கிக்கும். வண்டி சாயறதுக்கே அடம் புடிக்கும். இந்த எழுத்து கீதே, இந்த எடம் ரோட்டத் தொடவே தொடாது."

"நல்லா சாச்சா?"

"எவ்ளோ சாச்சாலும் தொடாதும்மா. அதுக்கு முன்னாடி கால் வைக்கிற பெக்கு முட்டிடும்."

சொல்லிக்கொண்டே குனிந்தார். இடது பெக்கின் அடியில் விரலால் தடவினார். எழுந்து அந்தப் பக்கம் போய் வலது பெக்கையும் தடவினார்.

"முட்டித்தான் கீது" என்றார்.

"கீழ வுழுந்ததுல தேஞ்சிருக்கும்ணா."

"வுழுந்தா ஒரு பக்கம்தாம்மா தேயும். இது ரெண்டு பக்கமும் தேஞ்சிகீது. பெக்காவது முட்டினா மடங்கிக்கும். கீழ ஸ்டாண்டு இரும்பும் தேஞ்சிகீது பாரு, அது மடங்காது. அது ரோட்டுல ஊனினா பின்சக்கரத்தையே தூக்கி வுட்டுடும்."

"அதுலதான் வுழுந்துச்சாண்ணா?"

"அத நான் எப்டிம்மா சொல்றது? நாயின்னுதானே சொன்னாங்க." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ஆனா இந்த டயர வெச்சிகினு இவ்ளோ சாச்சதே பெருசு. யாருக்குக் காட்றதுக்கு இப்டி சாச்சிதோ பாப்பா."

அக்கா, உனக்குப் பயமே இல்லை. இரும்பு ரோட்டில் உரசும் வரைக்கும் சாய்த்திருக்கிறாய். இந்தப் பக்கமும், அந்தப் பக்கமும். கடற்கரையில் நிறுத்திக் குனிந்து பார்த்திருக்கிறாய், என் எழுத்து அப்படியே இருந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் சாய்க்கணும் என்று நினைத்தாயா? திரும்பி வரும்போது அந்த வளைவில் அதைத்தான் செய்தாயா? இல்லை, நிஜமாகவே ஒரு நாய் வந்ததா? உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

அழியவே முடியாத இடத்தில் எழுதிவிட்டு, அழித்துக் காட்டு என்று உன்னை அனுப்பினேன். அந்த டயரை மாட்டச் சொன்னவளும் நான். அது திரும்பாததற்கு உன்னைக் கிண்டல் செய்தவளும் நான்.

வாங்குகிறவருக்காக சேகர் அண்ணன் சரியான அளவு டயரை வரவழைத்து மாட்டினார். ஒர்க்‌ஷாப் வாசலிலிருந்து ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். "இப்ப பாரும்மா, இடுப்ப லேசா அசைச்சா போதும், வண்டி புரிஞ்சிகினு திரும்புது" என்று சந்தோஷமாகச் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உன் வண்டி, அக்கா. அந்த வண்டி உன்னிடம் கடைசி வரைக்கும் முரண்டுதான் பிடித்தது. யாரோ ஒருவர் அதை நாவலூருக்கு ஓட்டிப் போகப்போகிறார், நல்ல வண்டி என்று சொல்லப்போகிறார். நல்ல வண்டிதான். நீ பத்து நாள் பஸ்ஸில் போயிருந்தால் போதும்.

கழற்றிய டயரைக் கேட்டு வாங்கி வந்தேன். மாடிப்படிக்கு அடியில் சிமெண்ட் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். அம்மா கேட்டாள், "இன்னாடி அது?" ஸ்கூல் ப்ராஜெக்ட் என்றேன். "டயர்ல இன்னா ப்ராஜெக்ட்?" என்று கேட்டாள். எனக்கு எப்போதும் வாய்க்கு வாய் பதில் வரும், உனக்குத் தெரியும். அன்றைக்குச் சாக்கைப் படிக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினேன்.

சொன்னால் என்ன ஆகும் என்று தினமும் நினைத்துப் பார்க்கிறேன். நாயைப் பார்க்கிற மாதிரி அம்மா என்னைப் பார்ப்பாளா? ஒரு பெண்தான் மிச்சம் என்று ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவாளா? விட்டுவிட்டால் அது இன்னும் மோசம். சொல்லாமலே இருந்துவிடலாம். டயரைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் முடிந்தது, யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் ஏழு மணிக்கு அது வந்து உட்கார்கிறதே. என் பங்குத் தண்ணீரையும் சேர்த்து அதுதானே வாங்குகிறது?

மீனா அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். ஜாலியாக வரவில்லை. நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், வீட்டில் நான் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். அவர்களுக்குச் சொல்லாமல் இந்தத் தாளை உங்கள் கையில் தர மாட்டேன்.

உனக்கு ஒரு சத்தியம், அக்கா. இனிமேல் யாரையும் கிண்டல் செய்ய மாட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நீயே நம்ப மாட்டாய். இது சின்னச் சத்தியம். நாளைக் காலை ஏழு மணிக்கு, அம்மா வாளியைத் தூக்குவதற்கு முன்னால், ஒரு தட்டுச் சோற்றை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போவேன். பிஸ்கட்டுக்கு வைப்பேன். அம்மா பின்னாலேயே வந்து, "அதுக்கு ஏன்டி வெக்கிற?" என்று கத்துவாள்.

அப்போது சாக்கைப் பிரிப்பேன்.

உன் கூடப் பிறந்த சனியன்,
ஜெனி