வெயிலில் காய வைத்த பாட்டு

நேற்று சாயங்காலம் மழை பெய்தது. புழுதி நனைந்த வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் என் கை தானாகவே டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டது. அடியில் அந்த இசைத்தட்டு இருக்கிறது. விளிம்பு எழும்பி, நடுவில் பள்ளம் விழுந்து, பொரித்த அப்பளம் போல் ஆகிப்போன அதே தட்டு. நீ போய் இருபது நாள் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் பேசத் துப்பில்லாதவன், இப்போது உட்கார்ந்து மடல் எழுதுகிறேன். சிரித்துக்கொள்.

மழை வந்தால் ஊரில் மற்றவர்களெல்லாம் மானாவாரிக் காட்டைப் பார்க்கப் போவார்கள். நாம் இரண்டு பேரும் விஸ்வநத்தத்துக்கு சைக்கிள் மிதிப்போம். ஈர நாளில் பட்டாசுக் கம்பெனியில் யாரும் மருந்தைத் தொடமாட்டார்கள்; அன்றைக்கு வேலை கிடையாது. எம். புதுப்பட்டிக் கம்பெனியில் நான் ஆபீஸில் ஆர்டர் எழுதுகிறவன். நீ மருந்து அடைக்கிறவன். மல்லாங்கிணற்றில் எங்கள் நிலத்தில் உன் அப்பா கூலிக்கு நின்றவர். உன்னை என் வீட்டுக்குள் கூட்டிப்போக முடியாது. உன் தெருவுக்கு நான் வந்தால் என் அப்பா என்னை வீட்டுக்குள் விடமாட்டார். அதனால்தான் நமக்கு விஸ்வநத்தத்தில் டெய்லர் அண்ணன் கடை. என்னுடைய பேட்டரி பிளேயர் அவருடைய துணி மூட்டைகளுக்கு நடுவில்தான் குடியிருந்தது.

கொழும்பில் கடை வைத்திருந்த என் தாய்மாமா, வரும்போதெல்லாம் சின்னச் சின்னத் தட்டுகளாகக் கொண்டுவருவார். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பாடியவை. ஒரு வார்த்தை நமக்குப் புரியாது. உறையில் 'சோல்' என்று போட்டிருப்பதைப் படித்து, ஆத்மா என்று அர்த்தம் சொன்னேன், பெரிய மேதாவி மாதிரி. "செருப்புக்கு அடியில தைக்கிறதும் சோல்தானலே?" என்றாய் நீ. டெய்லர் அண்ணன் சிரித்த சிரிப்பில் ஊசி முறிந்தது.

கம்பெனியில் என்னை 'ஐயா' என்பாய். அந்தக் கடைக்குள் மட்டும் 'ஏலே'. முதல் நாளே டெய்லர் அண்ணன் சொல்லிவிட்டார்: "எம் மிசினுக்கு முன்னால அய்யா கிய்யா எல்லாம் கெடையாதுப்பா. பாட்டுக் கேக்க வந்தா பாட்டுக் கேளுங்க." என்னைவிட இரண்டு வயது மூத்தவன் நீ. நீ என்னை 'ஏலே' என்று கூப்பிட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஒரு நாளும் அதை உன்னிடம் சொன்னதில்லை.

நமக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. தட்டு ஓடி முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும், "எங்கனலே புடிச்சது?" என்று நீ கேட்பாய். டெய்லர் அண்ணனுக்கு எப்போதும் மத்தளச் சத்தம் பிடிக்கும். கால் மிதியில் கால் தானாக ஆடும். நான் குரல் ஏறுகிற இடத்தைச் சொல்வேன். நீ மட்டும், "பாடுறதுக்கு முந்தி மூச்சு எடுக்கான் பாரு, அங்கன," என்பாய். பாடாத இடத்தைப் போய்ப் பிடித்திருக்கிறது என்கிறாயே என்று நான் கேலி செய்வேன். மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போது உன் அப்பா அப்படித்தான் மூச்சை வாங்கிக்கொண்டு அடுத்த அடியைப் பாடுவார் என்று ஒரு நாள் சொன்னாய். அவர் பாடியது எங்கள் கிணற்றில்தான். நான் கேட்டதே இல்லை.

இந்தத் தட்டில் இருக்கிற அந்தப் பாட்டு வந்த பிறகு நமக்கு வேறு பாட்டு வேண்டியிருக்கவில்லை. மெதுவான பாட்டு. ஒரே மழை நாளில் ஒன்பது தடவை போட்டோம். "ஒரு நாளைக்குக் குடுலே. வீட்டுல பொம்பள பாக்கணுங்கா," என்று கேட்டாய். உன் வீட்டில் பிளேயர் கிடையாது. பார்ப்பதற்கு மட்டும்தான். கொடுத்தேன்.

மறு மழைக்குத் தட்டோடு வந்தாய். உன் முகமே சரியில்லை. விரலில் இருந்த அலுமினியப் பொடி தட்டில் வெள்ளி வெள்ளியாக ஒட்டிவிட்டதாம். சீயக்காய் போட்டுக் கழுவினாயாம். கழுவியதை, வெடிச் சரக்கைப் பரப்புவது போல, நல்ல உச்சி வெயிலில் சிமெண்டு மேடையில் காயப் போட்டாயாம். காய்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதானே நம் ஊர்க்காரனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்! பிளேயரில் போட்டோம். குரல் குடிகாரன் போல மேலேயும் கீழேயும் தள்ளாடியது.

டெய்லர் அண்ணன் சிரிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. என் வாயிலிருந்து என்ன வந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இத்தனை வருஷம் கழித்தாவது எழுதிவிடுகிறேன். "ஒங்க ஆளுகளுக்கு எல்லாம் எதுக்குலே பாட்டு?"

நீ கோபப்பட்டிருக்கலாம். என்னை ஒரு அறை விட்டிருக்கலாம். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாய். "தப்புத்தாங்கய்யா," என்றாய். அந்தக் கடைக்குள், அந்த மிஷினுக்கு முன்னால், 'ஐயா'. "என்ன பேச்சுப் பேசிட்டீக," என்று டெய்லர் அண்ணன் எழுந்து என்னை மரியாதை வைத்துத் திட்டினார். அதற்குள் நீ மழையில் இறங்கிவிட்டாய்.

அப்புறம் எத்தனையோ மழை பெய்தது. நீ வரவில்லை. கம்பெனியில் பார்த்தால் "வணக்கங்கய்யா" என்று விலகிப் போவாய். நாளைக்குக் கேட்டுவிடலாம், சீசன் முடியட்டும், உன் மகள் கல்யாணத்தில் கேட்கலாம் என்று தள்ளித் தள்ளியே கிழவனாகிவிட்டேன். கோழை. அந்தக் கோணல் தட்டைத்தான் இத்தனை காலமும் தனியாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம்தான் துட்டி கேட்க உன் வீட்டுக்கு வந்தேன். உன் தெருவில் என் கால் பட்டது அன்றுதான். வாசலில் நின்றேன். உள்ளே உன் மகள் தன் பேரனைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாயில் தாலாட்டாக வந்தது நம் பாட்டு. வார்த்தை இல்லை; மெட்டு மட்டும்.

என்னைப் பார்த்துவிட்டாள். "உள்ள வாங்கய்யா," என்றாள். "எங்களயெல்லாம் அப்பா இதப் பாடித்தான் தூங்க வச்சாக. ஒரு சேக்காளி குடுத்த பாட்டும்பாக. அது நீங்கதானாம்ல?"

சிநேகிதன் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாய். நான் பேசியதை உன் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. உன் மகளுக்கு முன்னால் அழுதேன். அழுகையை மறைக்க அந்தப் பாட்டை நானும் முனகினேன். அவள் தலையை ஆட்டினாள்.

"இல்லய்யா, அங்கன இழுக்கக் கூடாது. நிறுத்தி மூச்சு எடுக்கணும். அப்பா அப்படித்தான் பாடுவாக."

தட்டு என்னிடம் இருந்தது. பாட்டு கெடாமல் உன் வீட்டில் இருந்திருக்கிறது. உங்களுக்கு எதற்குப் பாட்டு என்று கேட்டவனுக்கு, உன் மகள் இரண்டு தடவை பாடிக்காட்டித் திருத்தினாள். என்னை மன்னித்துவிடு. காலம் கடந்து கேட்கிறேன், இருந்தாலும் கேட்கிறேன்.

நேற்று மழைச் சத்தத்தில் அவள் சொல்லிக்கொடுத்தபடி மெதுவாகப் பாடிப் பார்த்தேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தினேன். மூச்சு எடுத்தேன். எங்கனலே புடிச்சது என்று நீ கேட்பாய் அல்லவா?

இங்கனதான்லே.